படையும் உடையும்: பரங்கிமலைச் சீருடைகளின் வரலாறு

அடையாற்றின் தென்கரையைக் கடந்து பரங்கிமலை, மீனம்பாக்கம், பல்லாவரம், தாம்பரம் எனச் செல்லும் நெடுஞ்சாலையின் இருபுறமும் இன்றும் படைத்துறைக்குரிய நிலங்கள் பரந்து கிடக்கின்றன. பரங்கிமலையில் தரைப்படை அதிகாரிகள் பயிற்சிக் கழகமும் தாம்பரத்தில் விமானப்படைத் தளமும் இயங்குகின்றன. பரங்கிமலையும் பல்லாவரமும் ஒரே கண்டோன்மென்ட் நிர்வாகத்தின் கீழ் உள்ளன. 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இந்தப் பகுதியில் படைகள் வந்து தங்கியிருக்கின்றன. அந்தப் படைகளின் உடை சிவப்பாக இருந்தது, காக்கியானது, பின்னர்ப் பச்சையானது, இப்போது பல நிறக் கட்டங்கள் கலந்த கோலமாக மாறியிருக்கிறது. துப்பாக்கியின் திறன், துணி வணிகம், தட்பவெப்பம், அணிபவரின் நம்பிக்கை, ஆட்சி மாற்றம் ஆகியவை இந்த மாற்றங்களுக்குக் காரணமாயின.

சிவப்பு மேலங்கியின் வருகை

1746இல் அடையாற்றங்கரையில், சாந்தோமுக்கு அருகே, ஆர்க்காட்டு நவாபின் மகன் மாபூஸ் கானின் பெரும்படையைப் பாரடிஸ் என்ற அதிகாரியின் தலைமையில் வந்த சிறிய பிரெஞ்சுப் படை சிதறடித்தது. அப்படையில் ஐரோப்பியருடன் இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். வரிசையாக நின்று, ஆணைக்கு ஒருசேரச் சுடும் காலாட்படை எண்ணிக்கையில் மிகுந்த எதிரியையும் வெல்லும் என்பதை அந்தப் போர் காட்டியது. பிரெஞ்சுக்காரரைப் பின்பற்றி ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியும் உள்ளூர் வீரர்களைத் திரட்டிப் பயிற்சி அளித்தது. 1748இல் வந்த ஆங்கில அதிகாரி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் இந்த வேலைக்கு அடித்தளம் இட்டார். 1758 முதல் சிப்பாய்கள் பட்டாலியன்களாக ஒழுங்குபடுத்தப்பட்டனர்.

நவாபின் படையிலும் பாளையக்காரர் படைகளிலும் வீரனின் உடை அவனவன் வசதியைப் பொறுத்தது. கம்பெனிப் படையில் அது இயலாததாயிற்று. அக்கால மஸ்கட் துப்பாக்கியால் நூறு கஜத்துக்கு அப்பால் குறிபார்த்துச் சுடுவது கடினம். ஆகவே வீரர்கள் தோளோடு தோள் நெருங்கி நின்று சுட்டார்கள். இரண்டு மூன்று சுற்றுகள் சுட்டதும் கரிமருந்தின் வெண்புகை களத்தை மூடிவிடும். அந்தப் புகைக்குள் யார் நம்மவர், யார் எதிரி என்று தளபதி கண்டறிய வேண்டும். அதற்குத் தொலைவிலிருந்தே கண்ணில் படும் நிறம் தேவைப்பட்டது. எதிரிக்குத் தெரிவதால் அன்று பெரிய இழப்பில்லை. தன் தளபதிக்குத் தெரியாமல் போவதே ஆபத்து.

சிவப்பைத் தேர்ந்ததற்கு இங்கிலாந்தின் படைமரபு ஒரு காரணம், வணிகம் மற்றொன்று. இங்கிலாந்தின் கம்பளித் துணிக்கு வெப்பநாடுகளில் சந்தை இல்லை. ஆனால் அதை ஏற்றுமதி செய்யும்படி கம்பெனிக்குத் தாயகத்தில் அழுத்தம் இருந்தது. சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை வாங்கிக் குவித்த கம்பெனி, விற்பனையாகாத கம்பளியைத் தன் சொந்தச் சிப்பாய்களின் முதுகில் ஏற்றியது. துணிக்கான தொகை அவர்களுடைய சம்பளத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. அதில் மிஞ்சியது உயர் அதிகாரிகளுக்கு வருமானமாயிற்று.

இடுப்புக்கு மேலே ஐரோப்பிய பாணியில் சிவப்புக் கம்பளி மேலங்கி, இடுப்பைச் சுற்றித் துணிக்கச்சை, கீழே தொடை வரையிலான வெள்ளைக் குறுங்கால்சட்டை, காலில் செருப்பு, தலையில் நீலத் தலைப்பாகை. 18ஆம் நூற்றாண்டுச் சென்னைச் சிப்பாயின் தோற்றம் இதுதான். கம்பெனி மேற்பாதியை மாற்றியது. கீழ்ப்பாதியையும் தலையையும் பெரும்பாலும் உள்ளூர் வழக்கத்துக்கே விட்டுவைத்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, மருதநாயகம் என்று அறியப்பட்ட யூசுப் கானின் கீழ் இருந்த சிப்பாய்கள் பரங்கிமலைக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே பிரெஞ்சுப் படையின் உணவு வழிகளைத் தாக்கினர். 1759 பிப்ரவரியில் பரங்கிமலையிலேயே கடும் சண்டை நடந்தது.

பின்னாளில் சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாகப் பரங்கிமலை ஆனது. அங்கே கண்ணில் பட்ட நிறம் சிவப்பல்ல, கருநீலம். இங்கிலாந்தில் பீரங்கிப் படை தரைப்படைத் தலைமையின் கீழ் இல்லாமல் படைக்கலத் துறையின் கீழ் இருந்தது. அத்துறையின் நிறம் நீலம். கம்பெனியின் பீரங்கி வீரர்களும் அதையே அணிந்தனர். வெடிமருந்துக் கரி படிந்தாலும் பளிச்சென்று தெரியாதது அந்த நிறத்தின் கூடுதல் வசதி. ஆக, 19ஆம் நூற்றாண்டில் பரங்கிமலைப் பீரங்கி வீரனையும் பல்லாவரத்துக் காலாட்படைச் சிப்பாயையும் தொலைவிலேயே பிரித்தறிய முடிந்தது.

1806: தலைப்பாகையால் மூண்ட போர்

உள்ளூர் வழக்கத்துக்கு விட்டுவைத்த பகுதியில் கம்பெனி கைவைத்தபோது சிக்கல் எழுந்தது. சென்னைப் படையின் தலைமைத் தளபதி சர் ஜான் கிராடக், பட்டாலியனுக்குப் பட்டாலியன் வேறுபட்டிருந்த தலைப்பாகைகளை ஒரே மாதிரியாக்க விரும்பினார். 1805 நவம்பரில் புதிய தலைப்பாகைக்கு உத்தரவு பிறந்தது. பழையதைவிட எடை குறைவானது, பார்வைக்குச் சீரானது என்பன அதிகாரிகள் கூறிய காரணங்கள். 1806 மார்ச்சில் வெளியான படைவிதித் தொகுப்பு மேலும் ஒரு படி சென்றது. சீருடையில் இருக்கும்போது நெற்றியில் சமயக் குறி கூடாது, காதணி கூடாது, அணிவகுப்பில் முகவாய் மழிக்கப்பட்டிருக்க வேண்டும், மீசை அனைவருக்கும் ஒரே வடிவில் இருக்க வேண்டும்.

சிப்பாய்களின் பார்வையில் இவை வெறும் உடைவிதிகளாக இல்லை. புதிய தலைப்பாகையின் வடிவம் ஐரோப்பியரின் வட்டத் தொப்பியை ஒத்திருந்தது. ‘தொப்பிக்காரர்’ என்பது அன்று ஐரோப்பியரைக் குறித்த பெயர். தொப்பி அணிவது மதம் மாறுவதற்கு முதல்படி என்ற அச்சம் பரவியது. தலைப்பாகையில் பொருத்திய தோல்சின்னம் பசுவின் தோலா, பன்றியின் தோலா என்ற ஐயம் இந்துக்களையும் முஸ்லிம்களையும் ஒருங்கே கலங்க வைத்தது. துப்பாக்கித் திருகாணிகளைத் திருக மார்பருகே தொங்கவிடப்பட்ட சிறு கருவியின் வடிவத்தைக்கூடச் சிலுவை என்று பேசினார்கள். ஊரில் சாதி விலக்கு ஏற்படும், உறவினர் பெண் கொடுக்க மாட்டார்கள் என்ற சமூக அச்சமும் இதோடு சேர்ந்தது.

1806 மே மாதம் வேலூரில் இருந்த 4ஆம் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாலியன் புதிய தலைப்பாகையை அணிய மறுத்தது. அவர்களில் இருவருக்குத் தலா 900 கசையடியும் பணிநீக்கமும் தண்டனையாயின. வேறு பலர் 500 கசையடிக்குத் தீர்ப்பளிக்கப்பட்டு, மன்னிப்புக் கேட்டதால் விடப்பட்டனர். அந்தப் பட்டாலியன் வேலூரிலிருந்து மாற்றப்பட்டது. அதிகாரிகள் இத்தோடு எதிர்ப்பு அடங்கியதாக நினைத்தார்கள். ஜூலை 10 அதிகாலையில் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்து, கோட்டைத் தளபதி கர்னல் ஃபேன்கோர்ட் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயரைக் கொன்றனர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த ஆங்கில அதிகாரி கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே கோட்டையை மீட்டது. நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் மடிந்தனர்.

விசாரணைக் குழு இரு காரணங்களைக் கூறியது: உடை தொடர்பான புதிய விதிகள் ஒன்று, திப்பு சுல்தானின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில் வைக்கப்பட்டிருந்தது மற்றொன்று. புதிய தலைப்பாகையும் நெற்றிக்குறித் தடையும் கைவிடப்பட்டன. ஆளுநர் வில்லியம் பென்டிங்கும் கிராடக்கும் 1807இல் திரும்ப அழைக்கப்பட்டனர். சீருடை என்பது படைத்தலைமை மட்டும் முடிவு செய்யக்கூடிய நிர்வாக விவரம் என்ற எண்ணத்தை இந்த நிகழ்வு உடைத்தது. தலையில் அணிவதைப் பொறுத்தவரை வீரர்களின் சமய, சமூக வழக்கத்தை மதிக்கும் போக்கு அதன்பின் வலுப்பெற்றது. சீக்கியரின் தலைப்பாகை இந்தியப் படையில் இன்றும் சீருடையின் பகுதியாக இருப்பது அந்தப் போக்கோடு பொருந்தும்.

காக்கி: கண்ணில் படாதிருக்க ஓர் உடை

கண்ணில் படுவதற்காக உருவான சிவப்பு, 19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் ஆபத்தானது. உட்சுரி வெட்டிய ரைஃபிள் துப்பாக்கிகள் பரவியதும் பல நூறு கஜத்துக்கு அப்பாலிருந்தும் குறிபார்த்துச் சுட முடிந்தது. 1880களில் புகையில்லா வெடிமருந்து வந்தபோது களத்தை மூடிய வெண்திரை அகன்றது. பளிச்சென்ற மேலங்கி எதிரிக்கு வசதியான இலக்காக மாறியது.

மாற்று இந்தியாவிலேயே தொடங்கியது. 1846இல் பெஷாவரில் ஆங்கில அதிகாரி ஹாரி லம்ஸ்டன் திரட்டிய கைட்ஸ் படை, எல்லைப்புற நிலத்தின் மண்நிறத்துக்கு ஏற்றபடி தோய்த்த தளர்வான பருத்தி உடையை அணிந்தது. 1857 கிளர்ச்சியின்போது வட இந்தியாவில் போரிட்ட ஆங்கிலப் படைகளும் கோடைக்கால வெள்ளை உடையைத் தேநீர், காப்பி, மை, மண் என்று கையில் கிடைத்ததில் முக்கி நிறம் மாற்றின. இப்படித் தோய்த்த உடைகள் ஒவ்வொரு சலவைக்கும் வெளுத்தன. ஒரே அணியில் பத்து விதச் சாயல்கள் தெரிந்தன. அதனால் கிளர்ச்சி ஓய்ந்ததும் பல படைகள் வெள்ளைக்கும் சிவப்புக்கும் திரும்பின.

காக்கி நிலைபெறச் சாயம் நிலைபெற வேண்டியிருந்தது. அந்தத் தேடலில் தென்னிந்தியாவுக்கும் பங்குண்டு. மங்களூரின் பல்மட்டாவில் பாசல் மிஷன் நடத்திய நெசவாலையில் ஜான் ஹாலர் என்பவர் 1850களில் காக்கிச் சாயத்தை உருவாக்கினார் என்பது அப்பகுதியில் நிலவும் வரலாறு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ஃபிரெடெரிக் ராபர்ட்ஸ் அந்த ஆலையைப் பார்வையிட்டுக் காக்கியைப் படைக்குப் பரிந்துரைத்தார் என்றும் கூறப்படுகிறது. 1884இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் கேட்டி என்ற சாயத் தொழிலதிபர், சலவைக்கும் வெயிலுக்கும் வெளுக்காத கனிமச் சாயத்துக்குக் காப்புரிமை பெற்றார். அதன்பின் காக்கி இந்தியாவிலிருந்த படைகளின் களஉடையாக உறுதிப்பட்டது. பிரிட்டிஷ் ராணுவம் முழுவதும் 1902இல் காக்கியை ஏற்றது. சிவப்பு சடங்கு அணிவகுப்புகளுக்கு ஒதுங்கியது. சிவப்புக் கால்சட்டையைக் கைவிட மறுத்த பிரான்ஸ், 1914இல் அந்த உடையிலேயே உலகப்போரில் இறங்கிப் பேரிழப்புக்குப் பின் 1915இல் வெளிர்நீலத்துக்கு மாறியது.

சென்னை, பம்பாய், வங்காளம் என்ற மூன்று மாகாணப் படைகள் 1895இல் ஒரே இந்திய ராணுவமாக இணைக்கப்பட்டதும் சீருடைகளும் ஒருமைப்பட்டன. கழுத்துப்பட்டையின் நிறம், தலைப்பாகையின் கட்டு, பித்தளைச் சின்னம் ஆகியவற்றில்தான் படைப்பிரிவுகளின் தனித்தன்மை மிஞ்சியது. ஐரோப்பிய வீரர்களுக்கு நெட்டியால் செய்த வெயில்தொப்பி வழங்கப்பட்டது. வெப்பநாட்டுக் கதிரவனின் ஒளி ஐரோப்பியரின் மூளையைத் தாக்கும் என்ற அக்கால மருத்துவ நம்பிக்கையே அதற்கு அடிப்படை. இரண்டாம் உலகப்போரில் வீரர்கள் அந்தத் தொப்பி இல்லாமலே வெயிலில் போரிட்டதும் நம்பிக்கையோடு தொப்பியும் மறைந்தது.

பர்மாக் காடும் பச்சை உடையும்

1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது காக்கியின் குறை வெளிப்பட்டது. வறண்ட எல்லைப்புறத்துக்கென வகுத்த மண்நிறம் அடர்ந்த காட்டில் துலக்கமாகத் தெரிந்தது. அவசரத்துக்குக் காக்கி உடைகளையே பச்சைச் சாயத்தில் தோய்த்தார்கள். பிறகு காட்டுப்பச்சை நிறத்தில் உடைகள் தனியாகத் தைக்கப்பட்டன. நிறத்தோடு வடிவமும் மாறியது. அரைக்கால்சட்டையும் குட்டைக்கையும் கொசுவுக்கும் அட்டைக்கும் வழிவிட்டன. பர்மாப் போர்முனையில் குண்டடிபட்டவர்களைவிட மலேரியா முதலிய நோய்களால் படுத்தவர்களே மிகுதி. அதனால் முழுக்கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயமாயின. 1941 முதல் மீண்டும் திரட்டப்பட்ட சென்னை ரெஜிமென்டின் வீரர்களும் இந்தப் போர்முனையில் பங்கேற்றனர்.

அதே போர்க்காலத்தில் பெண்களுக்கும் படையுடை தேவைப்பட்டது. 1942இல் தொடங்கிய பெண்கள் துணைப்படையில் சேர்ந்த இந்தியப் பெண்கள் காக்கிச் சேலை உடுத்தினர். கடற்படைப் பிரிவினர் வெள்ளைச் சேலை உடுத்தினர். பெண்களைப் படைப்பணிக்கு அனுப்பத் தயங்கிய குடும்பங்களுக்குச் சேலை ஏற்புடையதாக இருந்தது. வேலூர்ப் பாடத்துக்குப் பிறகு ஊன்றிய அணுகுமுறை இங்கும் செயல்பட்டது.

குடியரசின் சின்னங்கள்

விடுதலைக்குப் பின் பிரிந்த இரண்டு ராணுவங்களும் ஒரே காக்கியில் இருந்தன. பாகிஸ்தான் காக்கியைத் தொடர்ந்தது. இந்தியத் தரைப்படை ஆலிவ் பச்சைக்கு மாறியது. பர்மா அனுபவம், அண்டை நாட்டுப் படையிலிருந்து வேறுபடும் தேவை ஆகிய இரண்டும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. காவல்துறை காக்கியிலேயே தங்கியது. 1950 ஜனவரி 26 அன்று குடியரசு மலர்ந்ததும் அதிகாரிகளின் தோளிலிருந்த பிரிட்டிஷ் கிரீடம் அகன்று அசோகச் சிங்கங்கள் அமர்ந்தன. அரசருக்குரிய ‘ராயல்’ அடைமொழியும் விமானப்படை, கடற்படைப் பெயர்களிலிருந்து நீங்கியது. பதவி வரிசையும் அணிவகுப்பு முறையும் பெரிதும் பழையபடியே தொடர, அதிகாரம் யாரிடமிருந்து வருகிறது என்பதைச் சொல்லும் சின்னம் மட்டும் மாறியது.

1962இல் சீனாவுடனான போர் வேறொரு குறையை வெளிக்காட்டியது. இமயத்தின் குளிரில் பல வீரர்கள் பருத்தி உடையோடும் கேன்வாஸ் காலணியோடும் நின்றார்கள். அதன்பின் மலைப்படைகளுக்கான குளிருடையில் கவனம் கூடியது. சென்னைக்கு வடமேற்கே ஆவடியில் அமைந்த ஆயத்த ஆடைத் தொழிற்சாலை முப்படைகளுக்கும் சீருடை தைக்கும் முக்கிய நிலையங்களில் ஒன்றானது. அதே போர் உண்டாக்கிய அதிகாரிப் பற்றாக்குறையைப் போக்க 1963இல் பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. 1988இல் அது அதிகாரிகள் பயிற்சிக் கழகம் என்று பெயர் மாறியது.

பரங்கிமலையில் பெண் அதிகாரிகள், தாம்பரத்தில் பறப்போர்

மருத்துவம், செவிலியம் தவிர்த்த பிரிவுகளுக்கான முதல் பெண் பயிற்சியாளர்கள் 25 பேர் 1992 செப்டம்பரில் பரங்கிமலைக் கழகத்தில் சேர்ந்தனர். 1993 மார்ச்சில் அதிகாரிகளாயினர். அரை நூற்றாண்டுக்கு முன் சேலை தீர்வாக இருந்தது, அன்றைய பணி பெரும்பாலும் அலுவலகத்திலும் தொலைபேசி நிலையத்திலும் நடந்ததால். தடை தாண்டலும் ஆயுதப் பயிற்சியும் நெடுந்தொலைவு நடையும் அடங்கிய பயிற்சிக்குச் சட்டையும் கால்சட்டையும் பூட்ஸுமே பொருந்தின. ஆணின் அளவுக்கு வகுத்த உடையைச் சிறிதாக்கினால் பெண்ணின் உடலமைப்புக்குச் சரியாவதில்லை. இடுப்பு, தோள், பாதம் ஆகியவற்றின் விகிதமே வேறு. போருடை வடிவமைப்பில் பெண்களுக்கான தனித் திருத்தம் அண்மைக் காலத்தில்தான் இடம்பெற்றிருக்கிறது.

தாம்பரம் விமானப்படைத் தளத்தில் பறத்தல் பயிற்றுநர் பள்ளியும் இயந்திரப் பயிற்சி நிலையமும் உள்ளன. 1932இல் தோன்றிய இந்திய விமானப்படை, பிரிட்டிஷ் விமானப்படை 1919இல் ஏற்ற சாம்பல்நீலத்தைத் தன் அடையாள நிறமாகக் கொண்டது. ஆனால் இங்கே நிறத்தைவிடப் பணியிட ஆபத்தே உடையை வகுக்கிறது. விமானியின் பறப்புடை ஒரே துண்டாகத் தைக்கப்படுகிறது; எளிதில் தீப்பற்றாத அராமிட் இழை அதில் பயன்படுகிறது. விமான விபத்தில் எரிபொருள் தீப்பிடித்தால் தப்பிக்கக் கிடைக்கும் சில நொடிகளுக்கு அது காப்பு. பைகளில் ஜிப் வைப்பதற்கும் காரணம் உண்டு: பையிலிருந்து ஒரு பேனாவோ நாணயமோ விழுந்து விமானக் கட்டுப்பாடுகளில் சிக்கினாலோ இயந்திரத்துக்குள் இழுக்கப்பட்டாலோ பெரும் சேதம் நேரும்.

கணினிக் கோலமும் காப்புரிமையும்

ஒரே நிறத்தால் உடலை மறைக்க முடியாது. உடலின் வெளிக்கோட்டைக் கண் எளிதாகப் பிடித்துவிடும். பல நிறத் திட்டுகள் அந்தக் கோட்டை உடைக்கின்றன. பெரிய திட்டுகள் தொலைவில் உதவும், அருகில் உதவுவதில்லை. சிறு கட்டங்களை அடுக்கிப் பெரிய திட்டுகளை அமைத்தால் இரு தொலைவுகளிலும் கண் ஏமாறும். இந்தக் கணினிக் கோலத்தைக் கனடா 1990களிலும் அமெரிக்க மரைன் படை 2000களின் தொடக்கத்திலும் ஏற்றன. இரவுநோக்கிக் கருவிகள் பெருகிய பிறகு, அகச்சிவப்பு ஒளியைத் துணி எந்த அளவு திருப்பி அனுப்புகிறது என்பதும் சாயத் தேர்வில் கணக்கில் வந்தது.

இந்தியத் தரைப்படை 2022 ஜனவரி 15 அன்று, ராணுவ நாளில், தன் புதிய போருடையை வெளியிட்டது. தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய இந்த உடையின் துணியில் பருத்தி 70 விழுக்காடு, பாலியஸ்டர் 30 விழுக்காடு. ஈரம் விரைவில் உலர்வதற்கும் எடை குறைவதற்கும் இந்தக் கலவை தேர்வாயிற்று. மேற்சட்டையைக் கால்சட்டைக்குள் செருகாமல் வெளியே விடும் வடிவம் வெப்பத்தில் காற்றோட்டம் தரும். அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று விமானப்படையும் தன் போருடையைக் கணினிக் கோலத்துக்கு மாற்றியது.

தரைப்படையின் மாற்றத்துக்கு இன்னொரு காரணம் கடைத்தெரு. பழைய கோலத் துணி கண்டோன்மென்ட்களை ஒட்டிய கடைகளில் யாருக்கும் கிடைத்தது. 2016 ஜனவரியில் பதான்கோட் விமானத் தளத்தைத் தாக்கியவர்கள் ராணுவ உடையில் வந்திருந்தார்கள். படைவீரனை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும் சீருடையின் முதற்பணியே அங்கே தோற்றது. எனவே புதிய கோலம் 2022இல் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்யப்பட்டது. பத்தாண்டுகளுக்கு முழு உரிமை தரைப்படைக்கே. மேலும் ஐந்தாண்டுகள் நீட்டிக்கலாம். உரிமையில்லாமல் தைத்து விற்பவர் மீது வழக்குத் தொடரலாம். தையலின் நிர்வாகமும் மாறியது: 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிந்தபோது ஆவடி ஆடைத் தொழிற்சாலை ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ் வந்தது.

2023 ஆகஸ்ட் 1 முதல் பிரிகேடியருக்கும் அதற்கு மேற்பட்ட பதவியினருக்கும் தொப்பி, தோள்சின்னம், கழுத்துப்பட்டை, இடைவார், காலணி ஆகியவை பொதுவாக்கப்பட்டன. காலாட்படையின் பச்சை பெரட்டும் கவசப்படையின் கறுப்பும் பாராசூட் படையின் செம்பழுப்பும் கர்னல் பதவியோடு நிற்கும். பல பிரிவுகளை ஒருசேர ஆளும் தளபதி தன் தாய்ப் படைப்பிரிவின் சார்பில்லாமல் இருக்க வேண்டும் என்பது இதற்குக் கூறப்பட்ட காரணம். 1805இல் கிராடக் நாடியதும் ஒருமைதான். அவர் அதைச் சிப்பாயின் தலையில் சுமத்தினார். 2023இன் விதி படையின் மேல்தட்டோடு நின்று, அதற்குக் கீழுள்ள ரெஜிமென்டுகளின் தனித்தனித் தலையணிகளை அப்படியே விட்டது.